ஆபரேட்டர் என்றொரு உத்தியோகம்

(இயந்திரவியல் பிரிவு, 1979–82)



சந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்ட குழுவினர், "ஹாஸ்டல் சாப்பாடு, கட் அடித்துப் பார்த்த சினிமா எல்லாம் வேறு யாராவது எழுதுவாங்க, நீ சரித்திரம் எழுதுப்பா" என்றார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்றுதான். அது மெஷின் ஆபரேட்டரின் சரித்திரம். 1982-ல் டிப்ளமா வாங்கிய கையோடு அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பதினான்கு வருஷம், முதலில் லேத்திலும் பிறகு சி.என்.சி.யிலும், ஆபரேட்டர். அதன்பின் செட்டர், கடைசியில் லைன் இன்சார்ஜ். 2022-ல் ஓய்வு. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி படித்துத் தெரிந்தது. பாதி மெஷின் முன்னால் நின்று தெரிந்தது.

"ஆபரேட்டர்தானே, பட்டனை அழுத்துற வேலைதானே" என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சு சி.என்.சி. வந்த பிறகு வந்ததல்ல. இதற்கு இருநூறு வருஷ வயசு. இது எங்கிருந்து வந்தது, இதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

கையிலிருந்து சாடிலுக்கு

கடைசல் வேலை நமக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு சாமான்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றுகிற மரத்தின் மேல் உளியைக் கையால் பிடித்து, கண்ணால் அளந்து உருவம் எடுக்கிற வேலை அது. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் அப்படித்தான். இரும்பைக் கடைந்தாலும் உளி கையில்தான். கை கொஞ்சம் அசைந்தால் வேலை போச்சு. இரண்டு பேர் கடைந்த இரண்டு திருகாணிகள் ஒன்றுபோல இருக்காது; ஒன்றின் நட்டு மற்றதில் ஏறாது.

1800-ஐ ஒட்டிய வருஷங்களில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற பட்டறைக்காரர் இதை மாற்றினார். உளியைக் கையிலிருந்து வாங்கி, இரும்புத் தண்டவாளத்தின் மேல் நகரும் பிடியில் மாட்டினார். அந்தப் பிடியை ஒரு நீளத் திருகாணியோடும் பல்சக்கரங்களோடும் இணைத்தார். அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. ஆனால் முழுக்க இரும்பால், துல்லியமாக, பட்டறையில் அன்றாடம் ஓடும்படி செய்து காட்டியவர் அவர். நம் லேத் ஷாப்பில் சாடில், லீட் ஸ்குரூ, சேஞ்ச் கியர் என்று படித்தோமே, அதெல்லாம் அந்தப் பட்டறையின் வழி வந்தவை.

இதன் அடுத்த படிதான் நம் கதைக்கு முக்கியம். அப்போது இங்கிலாந்துக்கு நெப்போலியனோடு யுத்தம். போர்க்கப்பலில் பாய் ஏற்றி இறக்க மரக் கப்பிகள் வேண்டும். பெரிய கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பி. கடற்படை முழுவதற்கும் வருஷத்துக்கு ஒரு லட்சம். மார்க் பிரூனல் என்ற பொறியாளர் திட்டம் வகுக்க, மாட்ஸ்லே மெஷின்கள் செய்து கொடுத்தார். மொத்தம் 45 மெஷின்கள். 1802 தொடங்கிச் சில வருஷங்களில் போர்ட்ஸ்மவுத் கப்பல்துறையில் அவை நிறுவப்பட்டு நீராவியால் ஓடின. ஒன்று துளை போடும், ஒன்று காடி எடுக்கும், ஒன்று வெளிப்புறத்தை உருட்டும். 1808-ல் அங்கே 1,30,000 கப்பிகள் செய்யப்பட்டன. முன்பு கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையை, தொழில் பழகாத 10 பேர் செய்தார்கள் என்பது கணக்கு.

அந்தப் பத்துப் பேர்தான் நம் முன்னோர். மரத்தை மாட்டு, நெம்பை இழு, கழற்றி அடுத்த மெஷினுக்குக் கொடு. "ஆபரேட்டருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்" என்ற பேச்சு இங்கேதான் ஆரம்பம். 110 பேர் பத்துப் பேரானதைச் சரித்திரப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. கத்தி மழுங்குவதை முதலில் கண்டுகொண்டது யார், மரத்தில் முடிச்சு வந்தால் என்ன செய்தார்கள் என்று அவை சொல்வதில்லை. மெஷின் முன்னால் நின்றவனுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

ஆபரேட்டராக இருந்த அதிகாரி

அடுத்தவர் பிரெடரிக் டெய்லர். இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் பாடத்தில் "விஞ்ஞான மேலாண்மையின் தந்தை" என்று இரண்டு மார்க் கேள்விக்கு எழுதினோமே, அவரேதான். அவரும் லேத்தில் நின்றவர் என்பதை நமக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பிலடெல்பியாவில் வசதியான குடும்பத்துப் பிள்ளை. ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும் போகாமல், பட்டறையில் தொழில் பழகினார். 1878-ல் மிட்வேல் உருக்காலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து, லேத்துக்கு வந்து, சீக்கிரமே லேத் ஆட்களுக்கு மேஸ்திரி ஆனார்.

மேஸ்திரி ஆனதும் நேற்றுவரை பக்கத்தில் நின்ற நண்பர்களோடு சண்டை. எவ்வளவு வேலை செய்வது என்று அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தது இவருக்குத் தெரியும். இவரும் அவர்களில் ஒருவராக இருந்தவர்தானே! மூன்று வருஷம் நடந்த அந்தச் சண்டையில் அவர் ஒன்றைப் புரிந்துகொண்டார். எந்த இரும்புக்கு எந்த வேகம், எவ்வளவு ஆழம், எந்த முனை என்பதெல்லாம் தொழிலாளியின் தலைக்குள் இருக்கிறது. நிர்வாகத்துக்கு அதில் ஒன்றும் தெரியாது. அதை வெளியே எடுத்து எழுத வேண்டும் என்று கிளம்பினார்.

அந்தச் சோதனைகள் 26 வருஷம் நடந்தன. 30,000-க்கும் மேற்பட்ட சோதனைகள்; 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பு சிப்ஸாகப் போயிற்று. ஒரு கடைசலின் வேகத்தை 12 விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று கண்டு, அதற்கென்று ஒரு கணக்கு ஸ்கேலும் செய்தார்கள். 1906-ல் இதைப் பெரிய ஆய்வுரையாக வெளியிட்டார். இடையில் வைட் என்பவரோடு சேர்ந்து அவர் பதப்படுத்திய உருக்கு, முனை சிவந்து எரியும்போதும் இரும்பை வெட்டியது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். நாம் கிரைண்டரில் தீட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட எச்.எஸ்.எஸ். டூல் பிட் அதன் வாரிசு. 18-4-1 என்று மனப்பாடம் செய்தோம், நினைவிருக்கிறதா? டங்ஸ்டன் 18, குரோமியம் 4, வனேடியம் 1 சதவீதம்.

டெய்லர் செய்தது பெரிய காரியம். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்ன முடிவு வேறு. யோசிக்கிற வேலை பட்டறையில் இருக்கக் கூடாது, திட்டப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மெஷினில் நிற்பவன் எழுதிக் கொடுத்ததைச் செய்தால் போதும் என்றார். 1911 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் ஸ்டாப் வாட்ச்சோடு அளக்க வந்தபோது, வார்ப்புத் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். விவகாரம் அமெரிக்கப் பாராளுமன்ற விசாரணை வரை போயிற்று.

நம் பக்கத்துக் கதை

இங்கே பெரிய அளவில் மெஷின் ஷாப்பைக் கொண்டுவந்தவற்றில் ரயில்வே முக்கியமானது. பெரம்பூர் பணிமனை 1856-ல் வந்தது. தென்னிந்திய ரயில்வேக்கு நாகப்பட்டினத்தில் பணிமனை. 1920-களின் பிற்பகுதியில் பணிமனைகளைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் ஒன்றாகச் சேர்க்க நிர்வாகம் முடிவு செய்தது. கூடவே ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதற்குத் திறமைப் பரீட்சை வேறு. பல வருஷம் அதே வேலையைச் செய்தவனிடம், "உனக்கு வேலை தெரியுமா, செய்து காட்டு" என்றால் எப்படி இருக்கும்? 1928 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் முதலியோர் முன்னின்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அது முறிந்தது. தலைவர்கள் சிறை சென்றார்கள். திறமை யாருடையது, அதை யார் அளப்பது என்ற வழக்கு மிட்வேலில் மட்டும் நடந்ததல்ல.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. மெஷினைச் செய்யும் மெஷினை நாமே செய்ய வேண்டும் என்று 1953-ல் பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கப்பட்டது. 1955 அக்டோபர் 2-ல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை, 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் என்று வரிசையாக வந்தன. ஐ.டி.ஐ.களும் நம்முடையதைப் போன்ற பாலிடெக்னிக்குகளும் இந்த மெஷின்களுக்கு ஆள் தயார் செய்யத்தான் பெருகின. நம் அப்பாக்களில் பலர் விவசாயிகள். "பையன் மெஷின்ல வேலை பாக்கறான்" என்று ஊரில் பெருமையாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

மேஸ்திரியிடம் படித்த பாடம்

நான் சேர்ந்தபோது மூன்று ஷிப்ட். காலை 6, மதியம் 2, இரவு 10. என்னை ஒரு மூத்த டர்னரிடம் விட்டார்கள். எல்லாரும் அவரை மேஸ்திரி என்பார்கள். எட்டாவது வரை படித்தவர். நான் முதல் நாள் பெருமையாக நோட்டில் கணக்குப் போட்டேன். 50 மில்லிமீட்டர் கம்பி, நிமிஷத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம், ஆக நிமிஷத்துக்கு 191 சுற்று. மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "கணக்கு சரி தம்பி. ஆனா இந்தக் கம்பி அந்தக் கணக்கைப் படிக்கல" என்றார். மாட்டி ஓட்டினால், கொஞ்ச தூரத்தில் உறுமல் எடுத்தது. "சத்தம் மாறுது பாரு, டூலு மழுங்கிடுச்சு, நிறுத்து." அந்தக் கம்பியில் அங்கங்கே கெட்டிப்பட்டிருந்தது. புத்தகத்து அட்டவணை நல்ல இரும்பை நினைத்துப் போட்டது.

இன்னொன்று சூடு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருப்படி கடையும்போது 20 டிகிரி சூடேறினால், விட்டம் சுமார் 0.023 மில்லிமீட்டர் பெருக்கும். எங்களுக்கு அனுமதித்த வித்தியாசமோ மொத்தம் 0.03. சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்து "சரியாயிருக்கு" என்று இறக்கினால், ஆறினதும் அளவு குறைந்து ஸ்கிராப். மேஸ்திரிக்கு விரிவுக் குணகம் என்ற சொல் தெரியாது. புறங்கையை உருப்படிக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். "சூட்டுல அளந்தா பொய் சொல்லும்பா, கொஞ்சம் கூட வெச்சு விடு" என்பார். எவ்வளவு கூட என்பது அவர் கைக்குத் தெரியும். சிப்ஸ் நாடாவாகச் சுருண்டு வந்தால் உடனே டூலை மாற்றித் தீட்டுவார். அந்த நாடா கையில் சுற்றினால் விரல் இருக்காது. தொளதொளச் சட்டையோடு யாரையும் மெஷின் பக்கம் சேர்க்க மாட்டார். வெட்டு, ஊட்டம், ஆழம் என்று நாம் படித்ததற்கும், ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி என்று கணக்குக் கொடுப்பதற்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது.

நாடாவில் ஏறிய வேலை

இனி சி.என்.சி. கதை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். வளைவான உருவத்துக்குப் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு, அந்தப் புள்ளிகளின்படி கத்தியை ஓட்டினால் என்ன என்று யோசித்தார். 1949-ல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. எம்.ஐ.டி. வேலையை எடுத்துச் செய்து, 1952-ல் துளையிட்ட காகித நாடா சொல்கிறபடி தானே ஓடும் மில்லிங் மெஷினைக் காட்டியது. இன்றைய ஜி கோடு, எம் கோடு எல்லாம் அந்த நாடாவின் பிள்ளைகள்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. அதற்கு ரெக்கார்ட்–பிளேபேக் என்று பெயர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1940-களிலேயே முயன்றது. கைதேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைத் தன் கையால் கடைவார். அவர் கை போன போக்கு நாடாவில் பதியும். பிறகு மெஷின் அதையே திரும்பச் செய்யும். பாட்டுக்காரர் பாட, ரிக்கார்டில் பதிகிற மாதிரி. இந்த வழி நிலைக்கவில்லை. விமானத்தின் சிக்கலான உருவங்களைக் கையால் முதலில் செய்துகாட்டுவதே கஷ்டம். விமானப்படையின் பணமும் மற்ற வழிக்கே போயிற்று. டேவிட் நோபிள் என்ற சரித்திர ஆசிரியர் 1984-ல் வெளிவந்த தம் நூலில் இன்னொரு காரணமும் சொன்னார். ரெக்கார்ட்–பிளேபேக்கில் வேலை கடைசிவரை தொழிலாளியின் கையிலிருந்துதான் வரும். நிர்வாகம் அதை விரும்பவில்லை என்றார். இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பதிவு செய்ய ஒரு வழி இருந்தது, அது கைவிடப்பட்டது என்பது மட்டும் நடந்த கதை.

எங்கள் தொழிற்சாலைக்கு முதல் சி.என்.சி. லேத் 1991-ல் வந்தது. எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார்கள். "இனிமே டர்னர் தேவையில்லை, மாட்டிக் கழற்ற ஆள் இருந்தா போதும்" என்றார் ஓர் அதிகாரி. போர்ட்ஸ்மவுத்தில் ஆரம்பித்த அதே பேச்சு. டர்னர் என்ற பதவி போய் ஆபரேட்டர் என்று ஆயிற்று. கிரேடும் ஒருபடி இறங்கிற்று.

ஆனால் புது மெஷினில் ஒரு விசித்திரம். காலை ஷிப்டில் முதல் ஒரு மணி நேரம் அளவு மெல்ல நகர்ந்துகொண்டே போகும். பிறகு நிலைக்கும். இன்ஜினீயரிங் பிரிவினர் புரோகிராமைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். புரோகிராமில் தப்பே இல்லை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும் கொஞ்ச நேரம் அதே கோளாறு வருவதை மேஸ்திரிதான் கவனித்தார். "நிக்கும்போது ஆறுது, ஓடும்போது காயுது. மெஷினே பெருக்குதுப்பா" என்றார். ஸ்பிண்டிலும் பால் ஸ்குரூவும் சூடேறி நீள்கிற விஷயம். உருப்படி சூட்டில் பொய் சொல்லும் என்று தெரிந்தவருக்கு மெஷினும் சொல்லும் என்று தோன்றியது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மணிவாரியாக எழுதத் தொடங்கினார். எத்தனை மணிக்கு எவ்வளவு நகர்ந்தது, ஆஃப்செட் எவ்வளவு கொடுத்தோம் என்று இரண்டு மாதம் எழுதினார். அதன்படி காலையில் இருபது நிமிஷம் வெறுமனே ஓட்டிவிட்டு ஆரம்பித்தோம், ரிஜெக்ஷன் குறைந்தது. வருஷ அறிக்கையில் அது இன்ஜினீயரிங் பிரிவின் சாதனையாக அச்சாயிற்று.

1998-ல் மேஸ்திரி விருப்ப ஓய்வில் போனார். அலமாரியைக் காலி செய்தபோது அந்த நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது. அடுத்து வந்த மெஷின்களில் அதே பாடத்தை வேறு பையன்கள் மறுபடி முதலிலிருந்து படித்தார்கள்.

ஆக, கடைசல்காரன் கையிலிருந்து உளி போனது. ஆனால் உளி எப்போது மழுங்கும் என்ற அறிவு அவனுக்கு வேண்டியிருந்தது. டெய்லர் வேகத்தை எடுத்துக்கொண்டு போனார். சத்தத்தைக் கேட்கிற காது பட்டறையிலேயே இருந்தது. நாடா கையசைவை எடுத்துக்கொண்டது. சூட்டையும் தேய்மானத்தையும் பார்க்கிற வேலை மிச்சமிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு திறமை மெஷினுக்குப் போகிறது, வேறொரு திறமை ஆபரேட்டரிடம் கேட்கப்படுகிறது. போன திறமைக்குப் பெயரும் சம்பளமும் இருந்தன. புதிதாகக் கேட்கப்படுகிற திறமைக்குப் பெயரும் வைப்பதில்லை, சம்பளமும் தருவதில்லை.

நாம் செய்யக் கூடியது

இதைச் சங்க மலரில் எழுதக் காரணம் உண்டு. சங்கத்தின் முகவரிப் புத்தகத்தைச் சரிபார்க்கும் வேலை இந்த முறை எனக்கு வந்தது. "பதவி" என்ற கட்டத்தில் பலரும் பெருமையாக எழுதியிருக்கிறார்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் நம் பிரிவில் சிலருடைய கட்டம் காலியாக இருக்கிறது. சிலர் "தனியார் நிறுவனம்" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அவர்களில் சிலர் இருபது, முப்பது வருஷம் மெஷினில் நின்றவர்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவரிடம் போனில் கேட்டேன். "விடுடா, ஆபரேட்டர்னு போட்டு என்ன ஆகப் போவுது, நான் வரல" என்றார்.

என்ன ஆகும் என்று சொல்கிறேன். இன்று நம் கல்லூரியிலிருந்து வெளியே வருகிற பிள்ளைகளைப் போல டிப்ளமா படித்தவர்கள், பல ஆலைகளில் பயிற்சியாளர் என்ற பெயரில் சில வருஷம் மெஷினில் நின்றுவிட்டு, நிரந்தரமாகாமலே வெளியேறுகிறார்கள். அவர்கள் கற்றது அவர்களோடு போகிறது. "ஒன்றும் தெரிய வேண்டாத வேலை" என்று நாமே நம்பினால், அந்தப் பிள்ளைகளுக்கு நிரந்தரம் கேட்கவும், கிரேடு கேட்கவும் நியாயம் எங்கிருந்து வரும்? ஆபரேட்டருக்கு என்ன தெரியும் என்று எழுதி வைத்தால்தான் அது ஒரு தொழில் என்று நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள்.

ஆகையால் இரண்டு வேண்டுகோள். ஒன்று, காலியாக விட்ட நண்பர்கள் தங்கள் மெஷினின் பெயரையும், எத்தனை வருஷம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். லேத், மில்லிங், ஹாபிங், கிரைண்டிங், பிரஸ் எதுவானாலும் சரி. இரண்டாவது, சந்திப்பின் இரண்டாம் நாள் மதியம் நம் பழைய லேத் ஷாப்பில் ஒரு மணி நேரம் உட்காருவோம். புத்தகத்தில் இல்லாத, மெஷினில் மட்டுமே தெரிந்துகொண்ட ஏதாவது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். இறுதியாண்டு மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். துறைத் தலைவர் அனுமதி தந்துவிட்டார். எழுதியதைத் தொகுத்து நூலகத்தில் வைக்கும் பொறுப்பு என்னுடையது.

வர மாட்டேன் என்ற நண்பரே, உன்னையும் எதிர்பார்க்கிறேன். கியர் ஹாபிங்கில் நீ போட்ட இருபத்தாறு வருஷத்தை வேறு யாரால் சொல்ல முடியும்?